பெட்டியில் போட்டிருந்த நானூறு

பிலிம் கழுவுகிற டாங்கைக் கவிழ்த்து நிமிர்த்தி, குளியலறைத் தரையில் லேசாக ஒரு தட்டுத் தட்டி வைத்தார் தளவாய். உள்ளே மருந்து களக்கென்றது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாளையங்கோட்டை வெயில் ஜன்னல் இடுக்கு வழியாக வந்து பக்கெட் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது, தெரு முழுக்கச் சாப்பிட்டுவிட்டு உறங்குகிறது, இந்த மனுஷன் மட்டும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, முக்காலியில் குந்திக்கொண்டு, ஐஸ் கட்டி மிதக்கிற தாம்பாளத்தில் ஒரு கறுப்பு டப்பாவை வைத்துக் காவல் காக்கிறார். டப்பாவுக்குள் பிலிம் சுருள். சுருளுக்குள் அவர் பெண்டாட்டி உலகம்மாள். இருக்கிறாளா இல்லையா என்பதுதான் இப்போதைய கேள்வி, அதற்குப் பதில் தெரிந்துகொண்டே உட்கார்ந்திருப்பதுதான் கொடுமை. ஐஸ் போடாவிட்டால் நம் ஊர் வெக்கைக்கு மருந்து வெறிபிடித்து வேலை செய்யும், ஆகவே ஐஸ். நிமிஷத்துக்கு ஒரு தரம் கவிழ்த்து நிமிர்த்தாவிட்டால் படம் திட்டுத் திட்டாக வரும், ஆகவே கவிழ்த்தல். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்கிறார், கல்யாண வீட்டுப் பந்திக்குக் கறி நறுக்குகிறவன் மாதிரி அவ்வளவு ஒழுங்கு. நேற்று இந்த ஒழுங்கில் பாதி இருந்திருந்தால் போதுமே. நேற்று என்று நினைத்ததும் காது சூடானது. நினைக்காதே என்று தனக்கே சொல்லிக்கொண்டார். மனசு எங்கே கேட்கும். அடுக்களையில் அவள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. எப்போதும் கழுவுகிற மாதிரிதான் கழுவுகிறாள். கரண்டியைக் கொஞ்சம் ஓங்கிப் போட்டாளோ? இல்லை, கரண்டி எப்போதும் அப்படித்தான் விழும். நேற்றிலிருந்து அவர் காது இதே வேலையாக அலைகிறது, அவள் வைக்கிற தம்ளர், சாத்துகிற கதவு, கூப்பிடுகிற "ஏங்க", எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்துக்கொண்டு. அவள் கேட்டாளா, கேட்கவில்லையா. அவர் சிரித்ததைப் பார்த்தாளா, பார்க்கவில்லையா. அவள் பள்ளிக்கூடத்து அறைக்குள் நடந்தது, அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், அதைச் சொன்ன வைகுண்டம் அண்ணாச்சிக்கு மைக் தேவைப்படாத தொண்டை. கேட்காமல் இருக்க அவள் என்ன செவிடா?

மறுபடி கவிழ்த்தார். இந்தத் தடவை மூடியோரம் ஒரு சொட்டு ஒழுகி விரலில் பட்டது, வழவழவென்று. உலகம்மாள் இருபத்தேழு வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளையும் கட்டி மேய்த்தவள். இப்போதுதான் தலைமையாசிரியை நாற்காலி வந்திருக்கிறது. அந்த அறையில் ஒரு வழக்கம், நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொருவர் படமும் சுவரில் ஏற வேண்டும், கலர் வந்து எத்தனையோ காலம் ஆன பிறகும் அந்தச் சுவருக்குக் கறுப்பு வெள்ளைதான், முதல் ஆள் படம் அப்படி இருந்ததால் வரிசை கெடக் கூடாது என்று. பாக்கிப் பேர் எல்லாரும் ஸ்டூடியோவில் எடுத்தது. உலகம்மாள் மட்டும் ஒரே பிடியாக நின்றாள். "ஸ்டூடியோக்காரன் வேண்டாம். அவன் என்னைய விபூதி பூசின மாதிரி ஆக்கிருவான். நீங்கதான் எடுக்கணும்" என்றாள். விபூதி பூசின மாதிரி என்பது அவர்கள் கல்யாண ஆல்பத்தைப் பற்றிய பேச்சு. முகத்துக்கு அப்பின பவுடர் கழுத்தோடு நின்றுபோய், தலை ஒருத்தியதும் உடம்பு இன்னொருத்தியதுமாக அதில் நிற்பாள். அதற்குப் பிறகு சொந்தக்காரர் வீட்டு விசேஷம், ஆண்டு விழா, எதில் எடுத்தாலும் அவள் இருக்கிற இடத்தில் ஒரு கறுப்புத் திட்டு, அதில் ரெண்டு கண், கொஞ்சம் பல். "எங்க டீச்சர் எங்கன்னு தேடணும்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள். பிறகு படம் எடுக்கிற இடத்திலேயே நிற்க மாட்டாள், பந்தியைப் பார்க்கப் போய்விடுவாள். அப்போது மார்தட்டினவர் யார்? இந்தத் தளவாய்தான். "கோளாறு உன் மூஞ்சில இல்லட்டி, எடுக்கிறவன் கையில இருக்கு. நான் எடுத்துக் காட்டுதேன் பாரு." மின்வாரிய ஆபீஸ் நேரம் போக மிச்சமெல்லாம் காமிராவுக்கு என்று ஆனது அப்படித்தான். அப்படித்தான் என்று அவர் பத்துப் பேரிடம் சொல்லியும் இருக்கிறார், பெருமையாக. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

காட்டவும் காட்டினார், அதையும் சொல்ல வேண்டும். பிலிம் பெட்டியில் நானூறு என்று போட்டிருக்கும். அதுதான் அதன் வேகமாம். எண் பெரிதாக இருந்தால் குறைந்த வெளிச்சமே போதும் என்று அர்த்தம். சரி, யாருக்குப் போதும்? கம்பெனிக்காரன் அவன் ஊரில், அவன் மருந்தில், அவன் தண்ணீரில், அவன் வைத்த அளவுகோலில் கண்டுபிடித்த எண் அது. நம் வீட்டு மருந்துக்கும் தாமிரபரணித் தண்ணீருக்கும் அந்த நானூறு எத்தனை என்று நாம்தான் பார்க்க வேண்டும். அதற்காக ஒரு நாள் மொட்டை மாடியில் அவளை உட்கார வைத்தார். பள்ளிக்கூடத்துச் சிலேட்டில் சாக்பீஸால் எண்ணை எழுதி மடியில் பிடித்துக்கொண்டாள்; நானூறு, அழித்து முந்நூற்று இருபது, அழித்து இருநூற்று ஐம்பது, அழித்து இருநூறு. "நான் என்ன உங்களுக்கு ஸ்கேலா?" என்று கேட்டுக்கொண்டே அழித்து அழித்து எழுதினாள். கழுவிப் பார்த்தால், நானூறில் கறுப்புத் திட்டுத்தான், அதே பழைய திட்டு. எண்ணைக் குறைக்கக் குறைக்க, அதாவது வெளிச்சத்தைக் கூட்டக் கூட்ட, அந்தத் திட்டுக்குள்ளிருந்து ஒருத்தி எழுந்து வந்தாள். இருநூறில் கன்னத்து வளைவு வந்தது, கண்ணுக்குக் கீழே இருக்கிற மச்சம் வந்தது, சிரிக்கப் போகும் முன் வாயோரத்தில் விழுகிற அந்தக் குழிவு வந்தது. பிரிண்டை ஈரத்தோடு கையில் வாங்கிப் பார்த்தவள் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பிடித்தாள். பிறகு, "இது நான்தான்" என்றாள், ஏதோ காணாமல் போன சாமானை அடையாளம் காட்டுகிறவள் போல. அன்றிலிருந்து அந்தப் பிலிமைப் போட்டால் காமிராவில் இருநூறு. வீட்டில் அதற்குப் பேரே நம்ம வீட்டு நம்பர். காமிரா கிளப்பில் இவர் பேசப் போனாலும் இதேதான் பாட்டு: "வெள்ளையை மருந்துல கூட்டலாம் குறைக்கலாம்யா, கறுப்புல விழாதது விழாததுதான். கறுப்பை அளந்து எடு. ஆளோட கன்னத்துக்குப் பக்கத்துல லைட் மீட்டரைக் கொண்டு போ, கூச்சப்படாதே." கூச்சப்படாதே! சொன்ன வாயைப் பார். டாங்கைக் கவிழ்த்தார். மூக்கில் மருந்து வாடை ஏறி, கண்ணைக் கரித்தது. வாடைதானா என்று கேட்டால் தெரியாது.

சரி, நினைத்துத்தான் தொலைக்க வேண்டும், நினைக்காமல் அது போகப் போவதில்லை. நேற்று தலைமையாசிரியை அறை. பக்கத்து ஜன்னலிலிருந்து நல்ல வெளிச்சம், பின்னால் புதிதாக வெள்ளையடித்த சுவர், உலகம்மாள் மாம்பழக் கலர்ப் பட்டுச் சேலையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள், முழங்கால் மேல் கை. கதவோரம் டீச்சர்மார், பி.டி. மாஸ்டர், நடுவில் பள்ளிக்கூடத்தை நடத்துகிற கரஸ்பாண்டன்ட் வைகுண்டம் அண்ணாச்சி. தளவாய் வெளிச்சம் அளக்கிற மீட்டரை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போனார், கன்னத்துக்கு ஒரு சாண் தூரம்கூட இல்லை. அவள் முகத்தைக் கொஞ்சம் வாகாகத் திருப்பிக் கொடுத்தாள், மாடியில் பழகின பழக்கம். அப்போதுதான் அண்ணாச்சி வாயைத் திறந்தார். "தளவாய், டீச்சருக்கு வெளிச்சம் கொஞ்சம் கூடத்தான் வைக்கணும், என்ன? இல்லன்னா சுவத்துல பல்லு மட்டும்தான் தொங்கும்!" டீச்சர்மார் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பி.டி. மாஸ்டர் பொத்தவும் இல்லை. அதற்குத் தளவாய் என்ன செய்தார்? அவரை முறைத்தாரா, முகம் சுளித்தாரா, குறைந்தபட்சம் சும்மா இருந்தாரா? சிரித்தார். ஹி ஹி என்று ஒரு சிரிப்பு, பெரிய மனுஷன் ஜோக்கடித்தால் ஆபீஸில் சிரிக்கிற அதே சிரிப்பு. பெண்டாட்டி கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றுகொண்டு சிரித்தார். சிரித்த கையோடு, மீட்டர் பிடித்த கை தானாக விலகிப் பின்னால் இருந்த வெள்ளைச் சுவரை அளந்தது, ஏதோ ஆரம்பத்திலிருந்தே சுவரை அளக்கத்தான் வந்தவர் மாதிரி. வெள்ளையை அளந்தால் மீட்டர் வெளிச்சத்தைக் குறைக்கத்தான் சொல்லும். அதோடு விட்டாரா? காமிராவைக் கையில் எடுத்ததும் கட்டை விரல் டயலில் போய் நின்றது. இருநூறு என்று இருந்தது. அண்ணாச்சி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கும் காமிரா கொஞ்சம் தெரியும், பெட்டியில் நானூறு போட்டிருக்கே, இது என்ன இருநூறு என்று கேட்டுவிட்டால்? கேட்டால் என்ன பதில் சொல்வது, இவளுக்காகத்தான் என்றா? ஆமாம், நீங்கள் சொன்னது சரிதான், கூடத்தான் வைக்கணும் என்றா? விரல் திருகியது. நானூறு. என் பெண்டாட்டிக்குக் கூட ஒன்றும் வைக்க வேண்டாம், ஊருக்கெல்லாம் எவ்வளவோ அவளுக்கும் அவ்வளவு போதும். ஆகா, என்ன ரோஷம்! அந்த ரோஷத்தோடு ரோல் முழுக்க எடுத்துத் தீர்த்தார். ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் தெரியும், விழவில்லை, விழவில்லை என்று. தெரியாமல் செய்தவனுக்காவது மன்னிப்பு உண்டு. காமிராவின் அந்தச் சின்னக் கண்ணாடி வழியாக அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயோரத்துக் குழிவு மட்டும் கடைசி வரை விழவே இல்லை.

நேரம் ஆகிவிட்டது, மருந்தைக் கொட்ட வேண்டும். கை கொட்டவில்லை. இன்னும் கொஞ்சம் விடலாமே, கூடக் கொஞ்சம் ஊறினால் எதாவது எழுந்து வராதா? வராது. சுவர்தான் இன்னும் தடிக்கும், சேலைச் சரிகைதான் இன்னும் தடிக்கும், வெளிச்சம் விழுந்த இடம்தான் தின்று கொழுக்கும், விழாத இடம் பட்டினிதான். கிளப்பில் கரும்பலகையில் கோடு போட்டு விளக்கினவர் அவரேதான். இருந்தும் விட்டார். சாமியைக் கும்பிட்டுக்கொண்டு பரீட்சைத் தாளைத் திரும்பத் திரும்பப் புரட்டுகிறவன் மாதிரி டாங்கைக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்தினார். அப்போது மனசு பொய் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டியது. பிலிம் பழசு, கடைக்காரன் ஏமாத்திட்டான். மருந்து கெட்டுப்போச்சு. ஐஸ் கரைஞ்சு தண்ணி சூடாயிட்டு. அவள் நம்புவாளா? நம்புவாள். அதுதான் இன்னும் கேவலம். நம்பிக்கொண்டு, "போகட்டும், நீங்க என்ன செய்விய" என்று மோர் கொண்டு வந்து கொடுப்பாள். அவளைப் பெண் பார்த்துவிட்டு வந்த அன்று தளவாயின் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "புள்ள லெச்சணமாத்தான் இருக்கா, நெறந்தான்..." என்று இழுத்தாள். "எனக்கு நெறம் ஒரு பொருட்டில்ல" என்று இவர் வெட்டினார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கிறார்! யார் வீட்டிலாவது பேச்சு அந்தப் பக்கம் போனால் போதும், அதை எடுத்து விடுவார். அவளும் பக்கத்திலேயே இருப்பாள். தாம்தான் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டவர் என்று ஒவ்வொரு தரமும் அவள் காதுபடச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம் என்பது இன்றைக்கு, இந்த வழுக்குகிற குளியலறையில்தானா உறைக்க வேண்டும்? அவளுடைய நிறத்தில் ஒரு குறை இருப்பதாக அம்மா நினைத்தாள், வாய்விட்டுச் சொல்லவும் சொன்னாள். இவரும் நினைத்தார், சொல்லாமல் பெருமைப்பட்டுக்கொண்டார். அம்மா எவ்வளவோ தேவலை. மாடியில் எண்ணைக் குறைத்து வெளிச்சத்தைக் கூட்டினபோது அது கணக்கு, வெறும் கணக்கு, அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்கிற மாதிரி. நாலு பேர் முன்னால் அதே கணக்கு எப்படி அவமானமாக மாறியது? அண்ணாச்சியா மாற்றினார்? அவர் ஊதினார், சரி. பற்றிக்கொள்ள உள்ளே இவரிடம் சுள்ளி இருந்திருக்கிறது. சவமே, சவமே என்று தன்னைத் திட்டிக்கொண்டே மருந்தைக் கொட்டினார். தண்ணீர் விட்டு அலசினார். படத்தை நிலைநிறுத்துகிற ஹைப்போவை ஊற்றினார்.

ஹைப்போ வேலை முடிந்து மூடியைத் திறந்து, சுருளைக் குழாயடியில் பிடித்துக் கழுவி, ஒரு முனையைப் பிடித்து இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்தினார். நெகட்டிவில் வெள்ளை கறுப்பாக விழும்; சுவர் இருந்தது, அடர் கறுப்பாக. சேலை இருந்தது, சரிகை தனித்தனி இழையாக இருந்தது. நாற்காலிக் கை இருந்தது. கண்ணில் வெள்ளை இருக்கிற இடத்தில் ரெண்டு கறுப்புப் புள்ளி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி மாதிரி வெறும் பிலிம், அதற்குள்ளே எதிர்வீட்டு மாடியில் காய்கிற வேட்டி தெரிந்தது. அடுத்த கட்டம், அதற்கடுத்தது, ரோல் முழுக்க அதேதான். எத்தனை தடவை பார்த்தாலும் அதேதான். முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் கதவுதான் தட்டப்பட்டது. "ஏங்க, ஆச்சா? கரஸ்பாண்டன்ட் சார் போன் பண்ணுவேன்னாக, பிரேம் கடைக்காரன்கிட்ட சொல்லணுமாம்." ஆச்சு என்றார். கதவைத் திறந்தார். உலகம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவள் கையை நீட்ட, ஈரம் சொட்டச் சொட்டப் பிலிமைக் கொடுத்தார். ஓரத்தைப் பிடித்துத்தான் வாங்கினாள், நடுவில் விரல் படாமல், அதுவும் பழக்கம்தான். ஹால் ஜன்னலுக்குப் போய் நின்று மேலிருந்து கீழே பார்த்தாள். நெகட்டிவ் பார்க்க அவளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. திரும்பாமலே கேட்டாள். "எத்தனைல வச்சிய?"

பழைய பிலிம், கெட்ட மருந்து, கரைந்த ஐஸ் எல்லாம் வாய் வாசலில் வரிசையாக வந்து நின்றன. ஒன்று சொன்னால் போதும். "நானூறு" என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். "சுவத்தை அளந்ததையும் பாத்தேன்" என்றாள். "வாக்கப்பட்டு வந்து இத்தன வருஷத்துல நீங்க சுவத்தை அளந்து நான் பாத்ததில்ல. என்னமோ புதுசா செய்யுதியோன்னு நெனச்சேன்." கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பிலிமைக் கொடியில் கிளிப் போட்டு மாட்டினாள். மாட்டிவிட்டு, "அவிய வாய் அப்படி, என்னையத்தான்னு இல்ல, எல்லாரையும் சொல்லுவாக. நீங்க என்னத்துக்குங்க சிரிச்சிய?" என்றாள். அதற்கு மட்டும் ஒரு பதில் கிடைத்தால் தரையில் தலையை வைத்துச் சொல்லிவிடுவார். "உலகு" என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அவள்தான் எடுத்தாள். "வணக்கம் சார். கழுவியாச்சு சார்... இல்ல சார், சரியா வரல. என்னன்னா..." என்று நிறுத்தினாள். அவரைப் பார்த்தாள். வேண்டாம், நீயே எதாவது சொல்லிவிடு என்று அவர் கையை ஆட்டினார், தண்ணீர் சொட்டுகிற கையை. அவள் ரிசீவரைக் கொண்டுவந்து அவர் காதில் வைத்தாள். வைத்துப் பிடித்துக்கொண்டே நின்றாள், அவர் வாங்கவில்லை என்பதால். இவ்வளவு பக்கத்தில் அவள் முகத்தைப் பார்க்காமல் வேறெங்கே பார்ப்பது?

"அண்ணாச்சி" என்றார். "அவளுக்கு வெளிச்சம் கூடத்தான் வைக்கணும். நான்தான் வைக்கல. தெரிஞ்சேதான் வைக்கல. நீங்க சொன்னதும் எனக்கு வெக்கமாப் போச்சு, அவளை நெனச்சு வெக்கப்பட்டுட்டேன் அண்ணாச்சி. நாளைக்கு வந்து மறுபடி எடுக்கணும்." போனில் வைகுண்டம் அண்ணாச்சி சிரிப்பாக வெடித்தார். "அதான் நான் நேத்தே சொன்னேம்லா தளவாய், பல்லு மட்டும்தான் தொங்கும்னு!" ரிசீவருக்கு வெளியே ஹால் முழுக்கக் கேட்டது அந்தச் சிரிப்பு, உருண்டு உருண்டு வந்தது. தளவாய்க்குக் கன்னம் தானாக மேலே எழும்பப் பார்த்தது. வருஷக்கணக்கான பழக்கம், அவர் கேட்காமலே உதடு விரியத் தொடங்குகிறது. பல்லைக் கடித்துக்கொண்டார். தாடை வலிக்கிற அளவுக்குக் கடித்துக்கொண்டு, ஒரு சாண் தூரத்தில் இருந்த உலகம்மாளின் முகத்தையே பார்த்தார். அவளும் அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் சிரிப்பு மூச்சு வாங்கியது, கூடச் சிரிக்க ஆளில்லாமல் கொஞ்சம் தடுமாறியது. "தளவாய்? லைன்ல இருக்கியளா?" என்றார் அண்ணாச்சி.

"இருக்கேன். நீங்க சிரிச்சு முடிங்க அண்ணாச்சி, சொல்லுதேன்" என்றார் தளவாய்.